ஓடுற காரை ஹேக் செஞ்சு சோதிக்கலாமா? வாகன சைபர் ஆராய்ச்சிக்கு ஏன் தனி இடம் வேணும்? முழு விளக்கம்

இன்றைக்கு ஷோரூமில் இருந்து வெளியே வரும் கார்களில் பலவற்றிலும், மின்சார ஸ்கூட்டர்களில் பலவற்றிலும் ஒரு சிம் கார்டு இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, பேட்டரி எவ்வளவு மிச்சம், பூட்டி இருக்கிறதா என்பதெல்லாம் செல்போனிலேயே தெரிகிறது. பேருந்து, டாக்சி போன்ற பொதுப் போக்குவரத்து வாகனங்களிலும் 'ஏஐஎஸ்-140' என்ற தரத்தின்படி இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பொத்தானும் வந்துவிட்டன.

வசதிதான். ஆனால் நம்ம செல்போனில் இருந்து வண்டிக்கு ஒரு வழி இருக்கிறது என்றால், வேறு ஒருவர் நுழையவும் அதே வழி உதவலாம். அந்த ஓட்டையை திருடன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் யாராவது ஒரு நல்லவர் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் வாகன சைபர் பாதுகாப்பு ஆராய்ச்சி.

இங்கேதான் சிக்கல். ஒரு வெப்சைட்டை சோதிக்கும்போது தப்பு நடந்தால் திரை உறைந்து போகும், அவ்வளவுதான். காரை சோதிக்கும்போது தப்பு நடந்தால் பிரேக் பிடிக்காமல் போகலாம். அதனால் எதை சோதிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ, எங்கே வைத்து சோதிக்கிறோம் என்பதும் அதே அளவு முக்கியம்.

2015 ஜூலையில் என்ன நடந்தது?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பல கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த ஜீப் செரோக்கி காரை இணையம் வழியாகக் கட்டுப்படுத்தினார்கள். காரை ஓட்டியவர் 'வயர்ட்' இதழின் செய்தியாளர் ஆண்டி கிரீன்பெர்க். அவர் சம்மதித்துத்தான் அந்தச் சோதனை நடந்தது. ஆனால் எப்போது என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது.

முதலில் ஏசி தானாக ஓடியது. ரேடியோ அலறியது. வைப்பர் ஆடியது. கடைசியில் ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி நகரவில்லை. ஒதுங்கி நிற்க ஓரம் இல்லாத மேம்பாலத்தில், பின்னால் லாரி வரும் நேரத்தில், கார் வேகம் இழந்தது.

இந்தச் செய்தி வெளியான சில நாட்களிலேயே ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்து மென்பொருளைச் சரிசெய்வதாக அறிவித்தது. சைபர் ஓட்டைக்காக அவ்வளவு பெரிய திரும்ப அழைப்பு அதற்கு முன் நடந்ததில்லை. அந்த வகையில் அது பெரிய நன்மை.

ஆனால் கூடவே கடுமையான விமர்சனமும் வந்தது. அந்தச் சாலையில் போன மற்ற வண்டிக்காரர்கள் யாரும் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்கவில்லையே? கண்டுபிடிப்பு சரி, அதைக் காட்டிய இடம் தப்பு என்பதுதான் பலரும் சொன்னது. கவனிக்க வேண்டிய விஷயம்: அதே ஜீப்பின் பிரேக்கை செயலிழக்க வைத்த சோதனையை அவர்கள் நெடுஞ்சாலையில் செய்யவில்லை. காலி இடத்தில் வைத்துத்தான் செய்தார்கள். அப்போதும் கார் பள்ளத்தில் இறங்கித்தான் நின்றது.

வண்டிக்குள் அப்படி என்னதான் இருக்கு?

ஒரு நவீன காருக்குள் பல சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இவற்றை இசியு என்பார்கள். இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வேலை பார்க்கும். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வயர் பாதைக்குப் பெயர் 'கேன் பஸ்'. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை இது.

கேன் பஸ் எப்படி வேலை செய்கிறது? ஊர்த் தெருவில் மைக்கில் அறிவிப்பது மாதிரி. ஒரு இசியு சொல்வது அந்த வயரில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து, 'இது எனக்கான செய்தி' என்று சம்பந்தப்பட்ட இசியு எடுத்துக்கொள்ளும். ஆனால் மைக்கில் பேசியது யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அடிப்படை கேன் முறையில் கிடையாது. 1980-களில் காருக்குள் வெளியாள் வர வழியே இல்லை, அதனால் அந்தக் கவலையும் இல்லை. இன்றைக்கு புளூடூத், வைஃபை, சிம் என்று வாசல்கள் நிறைய.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

லண்டனில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். இயன் டேபர் என்பவர் தானே வாகன சைபர் ஆராய்ச்சியாளர். 2022-ல் அவருடைய டொயோட்டா ராவ்4 காரின் முன் பம்பர் இழுக்கப்பட்டு, ஹெட்லைட் வயர் கழற்றப்பட்டிருந்தது. யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். சில மாதங்களில் காரே காணாமல் போனது.

கென் டிண்டல் என்ற நிபுணரோடு சேர்ந்து அவர் தேடியபோது விஷயம் புரிந்தது. ஹெட்லைட்டுக்குப் போகும் வயரிலும் கேன் பஸ் இருக்கிறது. திருடர்கள் அதில் ஒரு கருவியைச் செருகி, 'சாவி உள்ளேதான் இருக்கு' என்று போலிச் செய்தி அனுப்பி கதவைத் திறந்திருக்கிறார்கள். அந்தக் கருவி சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் மாதிரி கூட்டுக்குள் மறைத்து விற்கப்பட்டது. அதே மாதிரி கருவியை வாங்கிப் பிரித்துப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று 2023 ஏப்ரலில் வெளியிட்டார்கள்.

ஆக, திருடன் தெருவில் சோதிக்கிறான். நல்லவர்கள் மேசையில் சோதிக்க இடம் கொடுக்காவிட்டால், முதலில் கண்டுபிடிப்பவன் திருடனாகத்தான் இருப்பான்.

பாதுகாப்பான சோதனை இடம் என்றால் எப்படி இருக்கும்?

மணவாளக்குறிச்சி, நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் ராக்கெட் இன்ஜின்களை சோதிக்கிறார்கள். இன்ஜின் முழு வேகத்தில் எரியும், ஆனால் பறக்காது. அசையாத மேடையில் பிணைத்து வைத்திருப்பார்கள். மேடையில் தேறிய பிறகுதான் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பறக்கும். வாகன சைபர் சோதனையிலும் அதே ஒழுங்குதான். ஒரு படியில் தேறினால்தான் அடுத்த படி.

படி 1: கம்ப்யூட்டருக்குள்ளேயே. நிஜ வண்டியே தேவையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் கற்பனையாக ஒரு கேன் பஸ்ஸை உருவாக்க முடியும். 'ஐசிசிம்' என்ற இலவச மென்பொருளில் ஸ்பீடோமீட்டர், இண்டிகேட்டர், கதவு எல்லாம் திரையில் தெரியும். எந்த எண் கொண்ட செய்தி கதவைத் திறக்கிறது என்று தேடிப் பழகலாம். தப்பு செய்தால் மறுபடி தொடங்கினால் போதும்.

படி 2: மேசை மேல். இதை 'பெஞ்ச்' சோதனை என்பார்கள். நிஜ இசியுவை மட்டும் மேசையில் வைத்து 12 வோல்ட் மின்சாரம் கொடுத்து இயக்குவது. சக்கரம் இல்லை, பிரேக் இல்லை, யாருக்கும் அடிபட வழி இல்லை. டொயோட்டா நிறுவனமே 2018-ல் 'பாஸ்டா' என்ற பெயரில், ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும் சோதனைக் கருவியை அறிமுகம் செய்தது. அதற்குப் பிறகு 'ரேம்ன்' என்ற பெயரில், கிரெடிட் கார்டு அளவு பலகையில் நான்கு இசியுக்களை அடக்கி, வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்தே கொடுத்தது. வாகனம் தயாரிக்கும் நிறுவனமே இப்படிச் செய்கிறது என்றால், பாதுகாப்பான இடத்தில் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் காரணம்.

படி 3: நிற்கிற வண்டியில். முழு வண்டி, ஆனால் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். ஆட்கள் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கக் கூடாது. மின்சாரத்தை ஒரே நொடியில் துண்டிக்கும் அவசர சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கணும். ரேடியோ அலை சம்பந்தப்பட்ட சோதனை என்றால் அலை வெளியே கசியாத அறை தேவை. ஏனென்றால் பல ரிமோட் சாவிகள் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. நம்ம வண்டிக்கு அனுப்பும் சிக்னல் பக்கத்து வீட்டு வண்டிக்கும் போய்ச் சேரும்.

படி 4: மூடிய ஓடுதளத்தில். வண்டி ஓடும்போது மட்டுமே தெரியும் விஷயங்களுக்கு இது. 2010-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ கிளையும் சேர்ந்து செய்த ஆய்வு இதற்கு முன்மாதிரி. ஒரே மாடலில் இரண்டு கார் வாங்கினார்கள். முதலில் ஆய்வகத்தில் உதிரிபாகங்களைச் சோதித்தார்கள். பிறகு தூக்கி நிறுத்திய காரில் செய்தார்கள். கடைசியாகத்தான், பயன்பாட்டில் இல்லாத ஒரு விமான நிலைய ஓடுபாதைக்குப் போய் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடும் காரில் பிரேக் பிடிக்காமல் செய்ய முடியும் என்று அங்கேதான் உறுதியானது.

படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மில்லர், வாலசெக் 2013-ல் ஃபோர்டு எஸ்கேப் காரில் பிரேக்கை முடக்கிப் பார்த்தபோது, அந்தக் கார் மில்லரின் வீட்டு கராஜுக்குள் போய் புல்வெட்டும் இயந்திரத்தை நசுக்கியது. நல்லவேளை, அங்கே ஆள் யாரும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த வசதி இருக்கா?

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் 'ஜிஏஆர்சி' எனப்படும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மத்திய கனரகத் தொழில் துறையின் 'நாட்ரிப்' திட்டத்தில் உருவானது. வண்டிகளை மோதவிட்டுப் பார்க்கும் ஆய்வகம், ஓடுதளங்கள், மின்காந்த அலைகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஆகியவை அங்கே உண்டு. மின்காந்த ஆய்வகத்தில் இருப்பது வெளி அலை உள்ளே வராத, உள் அலை வெளியே போகாத அறைதான். மேலே படி 3-லும் படி 4-லும் சொன்ன இரண்டு வகை இடங்களும் நம்ம மாநிலத்திலேயே இருக்கின்றன என்று அர்த்தம்.

அதே திட்டத்தில் மத்தியப் பிரதேசம் இந்தூர் அருகே பிதம்பூரில் அமைந்த 'நாட்ராக்ஸ்' மையத்தில் 11.3 கிலோமீட்டர் அதிவேக ஓடுதளம் 2021-ல் திறக்கப்பட்டது. புனேயில் 'அராய்', ஹரியானாவின் மானேசரில் 'ஐகேட்' ஆகிய மையங்களும் வாகனங்களைச் சோதித்துச் சான்று தருகின்றன.

ஆனால் இவை பெரும்பாலும் வண்டி தயாரிக்கும் நிறுவனங்களுக்கான இடங்கள். மணவாளக்குறிச்சியில் இருந்து சுமார் 700 கிலோமீட்டர் போய், சொந்த ஸ்கூட்டரை அங்கே சோதிப்பது ஒரு கல்லூரி மாணவருக்கு நடக்கிற காரியம் இல்லை. அவருக்குக் கைக்கெட்டுவது முதல் இரண்டு படிகள்தான். நல்ல செய்தி என்னவென்றால், கற்றுக்கொள்வதற்கு அந்த இரண்டு படிகளே நிறையத் தாங்கும்.

இது நம்ம மாநிலத்துக்கு ஏன் முக்கியம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கிருஷ்ணகிரி என்று கார், பைக், மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலம் இது. சென்னையில் இருந்து வெளிநாடுகளுக்கு கார்கள் கப்பலேறுகின்றன.

ஐநா-வின் 'ஆர்155' என்ற வாகன சைபர் பாதுகாப்பு விதி 2020-ல் ஏற்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாகத் தயாராகும் எல்லா கார்களுக்கும் இது கட்டாயம். விதிக்கு ஏற்ப மாற்றுவது லாபகரமாக இருக்காது என்று, போர்ஷே நிறுவனம் தன் பெட்ரோல் மக்கான் மாடலை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பதையே 2024-ல் நிறுத்திக்கொண்டது. சைபர் சோதனையில் தேறாத கார் சந்தையை இழக்கும் காலம் வந்துவிட்டது.

இந்தியாவிலும் இதே விதிகளை அடியொற்றி 'ஏஐஎஸ்-189' (சைபர் பாதுகாப்பு), 'ஏஐஎஸ்-190' (மென்பொருள் அப்டேட்) என இரண்டு தரநிலைகள் தயாராகி இருக்கின்றன. இந்தச் சோதனைகளைச் செய்யத் தெரிந்த ஆட்கள் வேணும். குமரி மாவட்டத்தில் இருந்து வேலை தேடி வெளியூர் போகும் பொறியியல் பட்டதாரிகளுக்கு இது ஒரு புது வாசல்.

சட்டம் என்ன சொல்லுது?

வண்டி என்னுடையது, நான் என்ன வேணாலும் செய்யலாம் என்று நினைக்கக் கூடாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதைத் தடுக்கிறது. அதையே நேர்மையற்ற முறையில் அல்லது மோசடியாகச் செய்தால் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று: ஸ்கூட்டர் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அது பேசும் கம்பெனி சர்வர் உங்களுடையது இல்லை. அதைத் தொட அனுமதி வேணும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. அனுமதி இல்லாமல் ஜாமர் பயன்படுத்துவதும் சட்டவிரோதம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2015-ல் அங்கே காப்புரிமைச் சட்டத்தில் ஒரு விலக்கு கொடுக்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடு வாகன மென்பொருளை ஆராயலாம், ஆனால் மக்களுக்குத் தீங்கு வராதபடி அமைக்கப்பட்ட சூழலில்தான் செய்யணும் என்பது நிபந்தனை. பாதுகாப்பான இடம் என்பதையே சட்டம் அனுமதியின் அளவுகோலாக வைத்தது.

ஓட்டை கண்டுபிடிச்சா யார்கிட்ட சொல்றது?

முதலில் தயாரிப்பு நிறுவனத்திடம். பல நிறுவனங்கள் இதற்காகவே தனிப் பக்கம் வைத்திருக்கின்றன. பதில் வராவிட்டால் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பிடம் தெரிவிக்கலாம். சரிசெய்ய நேரம் கொடுக்காமல் சமூக வலைதளத்தில் போட்டால், அதே மாடல் வைத்திருக்கும் எல்லோரையும் ஆபத்தில் தள்ளியதாகிவிடும்.

2024-ல் சாம் கரி உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள், கியா நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த ஓட்டையால், நம்பர் பிளேட் எண்ணை மட்டும் வைத்தே அமெரிக்காவில் ஓடும் பல கியா கார்களைத் திறக்க முடியும் என்று கண்டுபிடித்தார்கள். ஜூனில் நிறுவனத்திடம் சொன்னார்கள். ஆகஸ்டில் சரியானது. செப்டம்பரில்தான் வெளியே சொன்னார்கள். இதுதான் முறை.

முறையாகச் செய்பவர்களுக்குப் பரிசும் உண்டு. 2019-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த 'போன்2ஓன்' போட்டியில் டெஸ்லா மாடல் 3 காரில் ஓட்டை கண்டுபிடித்த இருவருக்கு அந்தக் காரே பரிசாகக் கிடைத்தது. 2024 ஜனவரியில் டோக்கியோவில் வாகனங்களுக்கென்றே நடந்த முதல் போட்டியில் 49 புதிய ஓட்டைகள் வெளிவந்தன. பரிசுத் தொகை 13 லட்சம் டாலருக்கும் மேல்.

வீட்டிலோ கல்லூரியிலோ தொடங்கணும்னா எப்படி?

* முதலில் சிமுலேட்டர். லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் போதும்.
* அடுத்து மேசை. உடைத்து விற்கும் வண்டிகளின் மீட்டர், இசியு போன்றவை பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். சென்னை புதுப்பேட்டை இதற்குப் பேர் போனது. எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்க. திருட்டு வண்டிப் பாகமாக இருந்துவிடக் கூடாது.
* மின்சாரம் கொடுக்கும் வயரில் ஃபியூஸ் கட்டாயம். கேன் வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை இருக்கணும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் சுமார் 60 ஓம் காட்டும். காட்டாவிட்டால் எங்கோ இணைப்பு தப்பு.
* ஏர்பேக்கைத் தொடாதீங்க. அதற்குள் இருப்பது வெடிக்கும் பொருள். பொதுவாக மஞ்சள் நிற வயர், மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அதை விட்டுவிடுங்க.
* மின்சார வண்டியின் பெரிய பேட்டரி பக்கமே போகாதீங்க. பல கார்களில் அது 300 வோல்ட்டைத் தாண்டும். பயிற்சி பெற்றவர்களின் வேலை அது.
* சிம் அல்லது இணைய இணைப்பு உள்ள பாகம் என்றால், அதைத் துண்டித்த பிறகே மின்சாரம் கொடுங்க.
* தினமும் ஓட்டும் வண்டியில் செய்தி அனுப்பிப் பார்க்காதீங்க. கேட்பது மட்டும் ஒரு வேலை, அனுப்புவது வேறு வேலை. ஒரு தப்பான செய்தியால் இசியு பழுதானால் வாரண்டியும் போகும், காப்பீட்டிலும் சிக்கல் வரும்.
* தனியாகச் செய்யாதீங்க. கூட ஒருவர் இருக்கட்டும். என்ன செய்தோம், என்ன ஆச்சு என்று நோட்டில் எழுதி வையுங்க. பின்னால் நிறுவனத்திடம் சொல்லும்போது அந்த நோட்டுதான் சாட்சி.

ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், வண்டி மட்டும் வச்சிருக்கேன். நான் என்ன செய்யணும்?

கம்பெனி அனுப்பும் மென்பொருள் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க. இன்னொருவர் கண்டுபிடித்த ஓட்டைக்கான அடைப்பு அதில்தான் வருகிறது. வண்டியின் ஆப்புக்கு, வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் வையுங்க. பழைய வண்டி வாங்கினால் முந்தைய உரிமையாளரின் கணக்கை ஆப்பில் இருந்து நீக்கச் சொல்லுங்க. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 'ஓபிடி' போர்ட்டில் மலிவான, பெயர் தெரியாத கருவிகளைச் செருகி வைத்துவிட்டு மறந்துவிடாதீங்க. முன் பம்பரோ ஹெட்லைட் பக்கமோ யாரோ கை வைத்த மாதிரி இருந்தால் உடனே சர்வீஸ் சென்டரில் காட்டுங்க, போலீசிலும் சொல்லி வையுங்க. லண்டனில் நடந்தது அப்படித்தான் தொடங்கியது.